நூற்றிருபதுக்கு எண்பது

பெஞ்சில் படுத்திருந்த மஞ்சுளா என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில் என் மூன்று விரல்கள் இருந்தன. விரல்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். அஞ்சே நிமிஷம். எழுந்து போயிடுறேன்" என்றாள்.

நான் விரல்களை நகர்த்தினேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் உள்ளே. அழுத்தினேன், தளர்த்தினேன். மரக்கட்டையைத் தொடுவதுபோல இருந்தது. கை மட்டும் ஜில்லென்றிருந்தது.

"என்ன சிஸ்டர், ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?"

என்ன சொல்வது? பேசுகிற பெண்ணுக்கு நாடி இல்லை என்றா? என் விரல்தான் மரத்துப் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்து, என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவளுடைய வலது கை சுவர்ப் பக்கம். "கொஞ்சம் அசையாம படு" என்று சொல்லிவிட்டு, அவளோடு சேர்த்தே பெஞ்சைத் தரதரவென்று இழுத்தேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். திம் திம் என்று விரலைத் தள்ளியது நாடி.

பி.பி. பார்க்கும் பெட்டியைத் திறந்து வலது கையில் பட்டையைச் சுற்றினேன். பாதரசம் நூற்றுத் தொண்ணூறில் நிற்கும்போதே காதில் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு! இடது கையில் சுற்றினேன். மேலிருந்து கீழே பூஜ்யம் வரைக்கும் இறக்கினேன். ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் மேஜைமேல் கிடந்த ரிஜிஸ்டர் கண்ணில் பட்டது. பக்கங்களைப் புரட்டினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று முறை மஞ்சுளா தலைசுற்றல் என்று என்னிடம் வந்திருந்தாள். ஒரு முறை நூற்றுப் பத்துக்கு எழுபது. இன்னும் இரண்டு முறை நூற்றிருபதுக்கு எண்பது. மூன்றும் என் கையெழுத்து.

நாடியே இல்லாத கையில் நான் எப்படியம்மா நூற்றிருபதுக்கு எண்பது பார்த்தேன்?

படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளி தாண்டியதும் இருந்த ஒரு சட்டைக் கம்பெனி. வெளிநாட்டுக்கு அனுப்பும் சட்டைகள். மேலே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், கீழே படிக்கட்டுக்கு அடியில் என் அறை. முதலுதவி அறை என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு ஸ்டூலும் ஒரு பெஞ்சும் போட்டால் அறை முடிந்துவிடும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மேலே மெஷின் ஓட ஓட மேஜைமேல் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். டெட்டால் வாசனையும், புதுத் துணியின் கஞ்சி வாசனையும், மெஷின் எண்ணெயும் கலந்த காற்று. இன்றைக்கும் புதுச் சட்டையைப் பிரித்தால் அந்த அறை ஞாபகம் வந்து எனக்கு வயிறு எரிகிறது.

இரும்பு பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவில் ஸ்டூல். அதில் யார் உட்கார்ந்தாலும் இடது கை மட்டும்தான் மேஜைக்கு வரும். வலது பக்கம் பீரோ. அதனால் நான் அங்கே வேலை பார்த்த நாலு வருஷமும், எத்தனையோ நூறு பெண்களின் இடது கையை மட்டுமே பார்த்தேன். வலது கை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நர்சிங் படிக்கும்போது "முதல் முறை வருபவருக்கு இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். மார்க் வாங்கினதோடு சரி.

அடுத்து அந்த ரிஜிஸ்டர். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, பி.பி. பார்க்கிறார்களா என்று பட்டியல் வைத்துக்கொண்டு டிக் அடிப்பார்கள். ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்னால் பர்சனல் ஆபீசர் நாகராஜ் படியிறங்கி வருவார். "சிஸ்டர், ரிஜிஸ்டர் ஃபுல் ஆகணும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில். ஆளை அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றால் அனுப்ப மாட்டார். ஒரு பெண் மெஷினை விட்டு எழுந்தால் பத்து நிமிஷம் போச்சு, பத்து நிமிஷம் போனால் சட்டை போச்சு.

அப்புறம் என்ன, உட்கார்ந்து எழுதுவேன். பெயர், லைன் நம்பர், நூற்றிருபதுக்கு எண்பது. அடுத்த பெயர், நூற்றுப் பத்துக்கு எழுபது. எல்லாருக்கும் ஒரே கணக்கு போட்டால் சந்தேகம் வருமே, அதனால் நடுநடுவே மாற்றிப் போடுவேன். ஆடிட்டர் பக்கங்களைப் புரட்டி "வெரி குட்" என்று சொல்லிவிட்டுப் போன நாளில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

ஒரு டாக்டரின் கடிதத்துக்கு

கொஞ்சம் கதையை நிறுத்துகிறேன். போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர் கடிதம் போட்டிருக்கிறார். "நர்சம்மா, உங்களுக்கு டாக்டர்கள்மேல் ஏன் இத்தனை காழ்ப்பு?" என்று கேட்கிறார். ஐயா, இந்த வாரத்தைப் படியுங்கள். முதல் குற்றவாளி நானே. உங்கள் இனத்தவர் எனக்குப் பின்னால்தான் வருகிறார்கள்.

மஞ்சுளா முதல் முறை வந்தபோது நான் நிஜமாகவே பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. மேலே மெஷின் போடுகிற இரைச்சலில் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நூற்றுப் பத்துக்கு எழுபது என்று எழுதினேன். இரண்டாவது முறையும் கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப் பழசு, குச்சி மாதிரிக் கை வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நூற்றிருபதுக்கு எண்பது போட்டேன். மூன்றாவது முறை பெட்டியைத் திறக்கவே இல்லை. "என்ன, காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுதினேன்.

சத்தம் இல்லாததுதான் நோய். அந்த மௌனத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அங்கே ஓர் எண்ணை எழுதி வைத்தேன். மெஷின்மேல் பழி, ஸ்டெதஸ்கோப்மேல் பழி, அவள் சாப்பிடாததன்மேல் பழி. எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்!

வேலை செய்தால் வலிக்கிறதாம்

மஞ்சுளாவுக்கு ஊத்தங்கரைப் பக்கம். அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் ஊரில். இங்கே நாலு பெண்களோடு பொம்மனஹள்ளியில் ஒரே அறையில் இருந்தாள். காலர் தைப்பதில் கெட்டிக்காரி. வேகமாகப் பேசுவாள், வேகமாகச் சிரிப்பாள். என் அறைக்கு வந்தால், "சிஸ்டர், உங்க ரூம்ல நிமிர்ந்து நிக்கணும்னா குள்ளமாப் பொறந்திருக்கணும்" என்பாள்.

அவளுக்கு ஒரு வருஷமாகவே உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் மெல்லிசாகக் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பிறகு இடது கை. துணியைப் பிடித்துத் தள்ளித் தள்ளி அரை மணி தைத்தால் கை கடுக்கும், கல்லாகிவிடும். மடியில் போட்டு இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் சரியாகிவிடும். திரும்பத் தைத்தால் திரும்பக் கடுக்கும். அண்ணாந்து கொடியில் துணி காயப்போட்டால் கண் இருட்டும். சில நாள் மெஷின்மேலேயே சாய்ந்துவிடுவாள்.

இதைக் கேட்ட சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "வேலை செஞ்சா வலிக்குதாம், சும்மா உக்காந்தா வலிக்கலையாம்! எனக்குக்கூட அந்த நோய் இருக்குதும்மா!" லைனே சிரித்தது. அன்றைக்கு மஞ்சுளாவும் கூடவே சிரித்தாளாம். பின்னே அழவா முடியும்?

இப்போது யோசித்தால் ரத்தம் கொதிக்கிறது. வேலை செய்தால் வலி, ஓய்வு கொடுத்தால் நிற்கும் வலி. இதுதான் ஐயா அந்த நோயின் முகவரி. வேலை செய்கிற தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், குழாய் அடைத்திருந்தால் வராது, தசை கதறும். சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி என்று அந்த ஆள் சொல்லிச் சிரித்த வாக்கியம் அப்படியே நோயின் அடையாளம். கேட்கத் தெரிந்த காது ஒன்று அந்தக் கட்டடத்தில் இல்லாமல் போயிற்று. என் காதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாரம் இரண்டு நாள் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வருவார். அவரிடமும் அனுப்பினேன். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், அவள் இந்தப் பக்கம் நிற்பாள். தொட மாட்டார். "வீக்னெஸ். டானிக் குடு" என்பார். இரண்டாம் தடவை போனபோது, "வயசு என்ன? இருபத்திரண்டா? கல்யாணம் பண்ணச் சொல்லு, எல்லாம் சரியாயிடும்" என்றார். கல்யாணம் செய்தால் ரத்தக் குழாய் திறக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ!

அந்தப் பெஞ்சுச் சம்பவம் நடந்த நாள் அவர் வரும் நாள்தான். ஓடிப்போய்ச் சொன்னேன். "சார், லெஃப்ட்ல பல்ஸ் இல்லை. ரைட்ல நூத்தித் தொண்ணூறு."

"உங்களுக்குப் பல்ஸ் பார்க்கத் தெரியலை சிஸ்டர்."

"நீங்க வந்து பாருங்க சார். பத்து அடிதான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நெக்ஸ்ட் விசிட்ல பார்க்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டார். பத்து அடி, ஐயா. பத்தே அடி.

இரண்டு கையும்

மறுநாள் லீவு போட்டுவிட்டு மஞ்சுளாவைக் கூட்டிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். "உனக்கு ஏன் இந்த முந்திரிக்கொட்டை வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் பொம்மசந்திராவில் ஷிப்ட் வேலை. இரண்டு பேர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தொழிலாளிகளின் இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினால் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி. காலை ஏழரைக்கு வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். சின்ன வயசு லேடி டாக்டர். தூங்கி எத்தனை நாளோ, கண்ணைச் சுற்றிக் கருப்பு. சலித்துக்கொண்டே, "ஏனு ப்ராப்ளம்? சொல்லும்மா" என்றார். மஞ்சுளா தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும்போதே அவர் எழுந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார்.

அவ்வளவுதான். சொல்லாமலே. வலது கை ஒரு விரலிடுக்கில், இடது கை ஒரு விரலிடுக்கில். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் முகம் மாறியது. முழங்கையை, கழுத்தை, கால்களைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டினார். "கேளுங்க சிஸ்டர்." உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். குழாயில் பாதி விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் சீறுமே, அந்தச் சத்தம்.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் எவ்வளவு வேகமாகக் கீழே படிகிறது என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். எக்கச்சக்கமாக இருந்தது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடுத்த வாரம் மருந்து செலுத்திக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கித் தடித்து வழியை அடைத்திருந்தது. இடது கைக்குப் போகும் குழாய் கிட்டத்தட்ட மூடியே விட்டது. மூளைக்குப் போகும் கழுத்துக் குழாய் ஒன்று சுருங்கியிருந்தது, அதனால்தான் கண் இருட்டல். சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் சுருங்கியதால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. நாடியற்ற நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டாம். நம் பக்கத்து இளம்பெண்களுக்கு வருகிற நோய்தானாம், அப்படியொன்றும் கேள்விப்படாததில்லையாம்.

"ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கிறோம். நிறுத்தவே கூடாது. வருஷக்கணக்குல சாப்பிடணும், பி.பி. மாத்திரையும்" என்றார் டாக்டர். என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஸ்ட்ரோக்தான் சிஸ்டர். யாரு முதல்ல கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

மஞ்சுளா அங்கிருந்தே சொன்னாள், பெருமையாக: "எங்க சிஸ்டர்தான் மேடம்!"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் கையெழுத்தே சாட்சி

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்குக் கம்பெனி மாலை போடவில்லை. குற்றப்பத்திரிகை கொடுத்தது. உடம்பு சரியில்லை என்று நடித்து, மூன்று முறை வேலை நேரத்தில் லைனை விட்டுப் போனாள். உற்பத்தியைக் கெடுத்தாள். ஆதாரம்: முதலுதவி அறை ரிஜிஸ்டர். அந்த மூன்று நாளும் நர்ஸ் பரிசோதித்ததில் ரத்த அழுத்தம் முற்றிலும் சரியாக இருந்தது.

படித்ததும் ஓடிப்போய் நாகராஜிடம், "சார், ஆஸ்பத்திரி லெட்டர் இருக்குதே! வியாதின்னு எழுதியிருக்காங்களே!" என்றேன்.

"அது இப்ப வந்த வியாதி சிஸ்டர். அந்த மூணு நாள் நார்மல்னு நீங்கதானே எழுதினீங்க? பிடி சிஸ்டர், எல்லா நாட்டக" என்று கையை உதறினார். விடுங்கள், எல்லாம் நாடகம் என்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவளே ரிசைன் பண்ணிட்டா கேஸ் இல்லை. நல்ல மாதிரியா அனுப்பிடலாம். எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

ஓகோ! நோயாளி என்று தெரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் லீவு கேட்பாள், எடை தூக்க மாட்டாள். அதற்குள் கழற்றிவிட வேண்டும். வேலை போனால் இன்சூரன்ஸ் கார்டு போகும். கார்டு போனால் மாத்திரை போகும். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் மஞ்சுளா என் அறைக்கு வந்தாள். மாத்திரையால் முகம் உப்ப ஆரம்பித்திருந்தது.

"சிஸ்டர், நீங்க பார்த்தப்ப நார்மலாதான் இருந்துச்சா? அப்புறம்தான் இந்த மாதிரி ஆச்சா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தன் உடம்புமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாமே நடித்தோமோ என்று.

"இல்லம்மா. ரெண்டு தடவை சத்தமே கேட்கலை, மூணாவது தடவை நான் பார்க்கவே இல்லை. சும்மா எழுதினேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "அப்ப நான் நடிக்கலைல்ல?" என்றாள்.

திட்டியிருக்கலாம். என் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அதை மட்டும்தான் கேட்டாள்.

விசாரணை

மாடியில் கண்ணாடி அறை. நாகராஜ், ஒரு வக்கீல், டைப் அடிக்கிற பெண், சூப்பர்வைசர், மஞ்சுளா. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி தரப்புச் சாட்சி!

வக்கீல் ரிஜிஸ்டரை என் முன்னால் தள்ளினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"இந்த மூணு நாளும் ரத்த அழுத்தம் சரியா இருந்தது. சரிதானே?"

"தப்பு. முதல் ரெண்டு நாள் சத்தமே கேட்கலை. மூணாவது நாள் நான் பார்க்கவே இல்லை. மூணும் பொய்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. நாகராஜ் நாற்காலியில் முன்னால் வந்தார். "சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. இதெல்லாம் ரெக்கார்டு ஆகும்."

"ஆகட்டும் சார். அதுக்குத்தானே வந்தேன். அந்தப் பக்கம் மட்டும் இல்லை, முன்னாடி பின்னாடி எந்தப் பக்கத்தை வேணா திருப்புங்க. பாதிக்கு மேல இப்படித்தான். ஆடிட்டுக்கு முன்னாடி வாரத்தைப் பாருங்க, ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதினது. யார் எழுதச் சொன்னாங்கன்னும் சொல்லணுமா?"

"ஸ்டாப்" என்றார் வக்கீல். டைப் அடிக்கிற பெண்ணைப் பார்த்து, "இதை எடுக்க வேண்டாம்" என்றார்.

"எடுக்கணும்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எடுக்க வேண்டாம், பார்க்க வேண்டாம், தொட வேண்டாம், எழுதினா போதும். இதைத்தானே நாலு வருஷமா செஞ்சோம்? இந்தப் பொண்ணு உடம்பு கத்திச்சு சார். யாரும் கேட்கலை. டாக்டர் தொடலை. நான் தொட்டும் நம்பலை. இப்ப நீங்க தொட்டுப் பாருங்க."

மஞ்சுளாவின் இடது கையைப் பிடித்து மேஜைமேல் நாகராஜ் முன்னால் வைத்தேன்.

அவர் தயங்கினார். எல்லாரும் பார்க்கிறார்களே என்று விரலை வைத்தார். முதலில் சும்மா. பிறகு அழுத்தி. பிறகு இன்னொரு கையால் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. மறுபடியும் அவளுடையதைத் தேடினார். அவருடைய பார்வை மெதுவாக ஏறி அவள் முகத்துக்குப் போயிற்று. மஞ்சுளா கண் சிமிட்டினாள். அவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ" என்றார். கன்னடத்திலும் அது ஐயோதான்.

வக்கீல் ஃபைலை மூடினார். சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் தன் மணிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கைக்கடிகாரம்

மஞ்சுளாவின் வேலை போகவில்லை. நூல் வெட்டும் பகுதியில் உட்கார வைத்தார்கள். கார்டு இருந்தது, மாத்திரை கிடைத்தது. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகி, பிறகு மாத்திரை அளவைக் குறைக்கக் குறைக்கப் பழைய முகம் வந்தது.

பிறகு பல வருஷம் கழித்து ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். மாத்திரை இன்னும் உண்டு. இடது கையில் பளபளவென்று ஒரு கடிகாரம்.

"இந்தக் கையிலயும் ஏதாவது ஓடட்டும்னு கட்டிக்கிட்டேன் சிஸ்டர்" என்று சிரித்தாள். அந்த வேகமான சிரிப்பு அப்படியே இருந்தது.

"பி.பி. எந்தக் கையில பார்க்குறாங்க?" என்று கேட்டேன்.

"வலது கையிலதான். யாராவது இடது கையைப் பிடிச்சா, மொதல்ல அவங்க என்ன எழுதுறாங்கன்னு பார்ப்பேன். அப்புறம்தான் சொல்வேன்."

"எத்தனை பேர் எழுதுறாங்க?"

ஓசூர் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டாள்.

கடைசி நாள்

விசாரணை முடிந்ததும் எனக்கு மெமோ வந்தது. ரிஜிஸ்டரில் பொய்யான பதிவு செய்ததற்காக. செய்த தப்புக்குத் தண்டனை, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த டாக்டருக்கு மெமோ இல்லை. அவர் பொய்யாக எதுவும் எழுதவில்லையே, எதையும் பார்த்தால்தானே எழுதுவதற்கு! எழுதச் சொன்ன நாகராஜுக்கும் மெமோ இல்லை. ரிசைன் செய்யச் சொன்னார்கள், செய்தேன். வீட்டுக்காரர் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசி நாளில் உடல் தகுதிச் சோதனை என்று ஒன்று உண்டு. என் அறைக்கே போனேன். என் இடத்துக்குப் புது நர்ஸ் வந்திருந்தாள். சின்னப் பெண், முதல் வேலை. ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தேன். வலது பக்கம் பீரோ இடித்தது. அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பேரு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

"வசந்தா."

எழுதினாள். வயசு கேட்டாள், எழுதினாள். பி.பி. பெட்டி மூடியபடியே இருந்தது. பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது. நூற்றிருபது என்று எழுதிக் கோடு போட்டாள்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. எழுந்தேன், தலை படிக்கட்டில் இடித்தது, சட்டை செய்யவில்லை. பீரோவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். உள்ளே பாட்டில்கள் கடகடவென்று ஆடின. ஒரு முழம் நகர்ந்தது. புது நர்ஸ் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஸ்டூலை நடுவில் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினேன்.

"எழுதினதை அடி. பெட்டியைத் திற. ரெண்டு கையிலயும் பாரு. பார்த்துட்டு எழுது. நான் எங்கேயும் போகலை, உக்காந்திருக்கேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். இடது கையில் பார்த்தாள். வலது கையில் பார்த்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"சிஸ்டர், நூத்தி அறுபதுக்கு நூறு இருக்குது. ரெண்டு கையிலயும். கோபமா இருக்கீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "அதையும் எழுதிக்கோ."